நாடக நோட்டீஸும் வாக்காளர் பட்டியலும்

சென்னை மாகாணச் சட்டசபை 1921 ஏப்ரலில் பெண்களுக்கும் வாக்கு உண்டு என்று தீர்மானம் போட்டது. பிரிட்டிஷ் இந்திய மாகாணங்களில் அதுதான் முதல். இதைப் பெருமையோடு சொல்கிறோம், பெருமைப்பட வேண்டியதுதான். ஆனால் அந்த வாக்கு யார் கைக்கு வந்தது என்று கேட்டால் கூட்டம் சட்டென்று கலைந்துவிடும். ஆணுக்கு இருந்த சொத்துத் தகுதியே பெண்ணுக்கும். தன் பேரில் நிலமோ வீடோ இருந்து வரி கட்டியிருந்தால்தான் வாக்கு. காவிரிப் பாசனத்தில் அன்று நிலம் யார் பேரில் இருந்தது? மிராசுதார் பேரில், மடத்தின் பேரில், கோயில் பேரில். புருஷன் போய்ச் சொத்து கைக்கு வந்த சில பெண்களின் பேர் பட்டாவில் ஏறியிருக்கும். நாற்றுப் பறித்து, நடவு நட்டு, களையெடுத்து, கதிரறுத்து, களத்தில் தூற்றி, அடுத்தவர் பத்தாயத்துக்கு நெல்லைச் சுமந்து கொடுத்த பண்ணையாள் வீட்டுப் பெண்ணுக்கு அந்தத் தீர்மானம் ஒரு சேதியாகக்கூட வந்து சேர்ந்திருக்காது. அவளுக்கு வாக்கு வர இன்னும் 30 வருஷம் ஆயிற்று.

அது வந்தபோது நாடு முழுக்க வேறொரு சிக்கல். 1951-52 பொதுத் தேர்தலுக்குப் பட்டியல் எடுக்கப் போனவர்களிடம் சுமார் 28 லட்சம் பெண்கள் தங்கள் பேரைச் சொல்லவில்லை. இன்னாருடைய சம்சாரம், இன்னாருடைய அம்மா என்று மட்டும் சொன்னார்கள். பெரும்பாலும் வட மாநிலங்களில். பேர் இல்லாத ஆளுக்கு வாக்கு இல்லை என்று தேர்தல் ஆணையம் அவர்களைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. வாக்குரிமை என்பதை நாம் பெட்டியோடும் சீட்டோடும் சேர்த்தே நினைக்கிறோம். அதற்கு முன்னால் ஒரு படி இருக்கிறது. ஒரு பெண் தன் பேரால், ஊர் அறிய, பொது இடத்தில் நிற்க வேண்டும். அந்தப் படியைத் தஞ்சை மண்ணில் முதலில் ஏறியவர்கள் யார்?

சங்கம் வைத்தவர்களோ, மனு எழுதியவர்களோ அல்ல என்பது என் எண்ணம். நாடகக்காரிகள்தான் ஏறினார்கள்.

கும்பகோணம் பாலாமணி என்ற பேரை எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் ஒருவிதக் கண்சிமிட்டலோடுதான் சொல்வார்கள். ‘தாரா சசாங்கம்’ நாடகத்தில் அவர் எப்படி மேடைக்கு வந்தார் என்பதுதான் அவர்களுக்கு ஞாபகம். அவர் ஆட்டம் பார்ப்பதற்காகவே ராத்திரி கும்பகோணத்துக்குத் தனி ரயில் விட்டார்கள், அதற்குப் ‘பாலாமணி ஸ்பெஷல்’ என்றே பேர் என்பதும் அந்தக் கதையோடு சேர்ந்தே வரும். இந்தப் பேச்சில் அமுங்கிப் போனது வேறொன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிந்து இருபதாம் நூற்றாண்டு தொடங்கும் காலத்தில், ஒரு பெண் தன் பேரில் கம்பெனி நடத்தினார். அதில் பெண்களே நடித்தார்கள். ராஜா வேஷம், மந்திரி வேஷம் எல்லாம் பெண்களே கட்டினார்கள். தேவதாசி வீடுகளில் பிறந்து ஆதரவற்றுப் போன பெண்களுக்கு அந்தக் கம்பெனி சோறும் கூரையும் சம்பளமும் கொடுத்தது. ‘டம்பாச்சாரி விலாசம்’ போன்ற சமூக நாடகத்தையும் அவர்கள் போட்டார்கள். ஆண்களின் ஊதாரித்தனத்தை ஆண் வேஷம் கட்டிய பெண்கள் ஆடிக் காட்டினார்கள் என்பதைக் கொஞ்சம் நிதானித்து நினைத்துப் பாருங்கள். கொட்டகையில் உட்கார்ந்திருந்த மைனர்கள், தங்களைப் போன்ற ஒருவன் சொத்தழிவதைப் பெண்ணின் உடம்பில், பெண்ணின் குரலில் பார்த்தார்கள்.

இது எவ்வளவு பெரிய மாற்றம் என்று தெரிய வேண்டுமானால் மெலட்டூர் வரை போக வேண்டும். தஞ்சாவூரிலிருந்து கூப்பிடு தூரம். அங்கே நரசிம்ம ஜயந்தியை ஒட்டி பாகவத மேளா நடக்கும். பிரகலாத சரித்திரத்தில் லீலாவதியாக வருவது ஆண்தான். தலைமுறை தலைமுறையாக அப்படித்தான். அந்த ஆட்டத்தின் அழகை நான் குறைத்துப் பேசவில்லை. லீலாவதி மகனுக்காக உருகும் இடத்தில் கண் கலங்காதவர்கள் கிடையாது. ஆனால் மேடையில் தாயின் துக்கத்தைப் பேசுவதும் ஆண், அதைக் கேட்டு அழுவது கீழே பாயில் உட்கார்ந்திருக்கும் தாய்மார். காவிரி டெல்டாவின் நாடக மரபில் ஒரு கரை இது. பாலாமணி நின்றது மறு கரை.

அவருடைய நோட்டீஸ்தான் என்னைப் பிடித்துக்கொண்ட விஷயம். பழைய நாடக நோட்டீஸ் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மெல்லிசான காகிதம். ஓரமெல்லாம் கொடி வேலை. மேலே விநாயகர் துதி, நடுவில் நாடகத்தின் பேர், அதற்குக் கீழே தடித்த எழுத்தில் நடிகையின் பேர், பேருக்கு முன்னால் ஊர். தகப்பன் பேர் கிடையாது, புருஷன் பேர் கிடையாது. ஊரே முதலெழுத்து. டிக்கெட் விலை கடைசியில். தரைக்கு இவ்வளவு, பெஞ்சுக்கு இவ்வளவு, ஸ்திரீகளுக்குத் தனி இடம் உண்டு என்று ஒரு வரி. மாட்டு வண்டியில் பறையடித்துக்கொண்டு போய் இதைத் தெருத் தெருவாக வீசினார்கள். பெண்ணின் பேரை வீட்டுக்கு வெளியே உரக்கச் சொல்லக் கூசிய காலத்தில், ஒரு பெண்ணின் பேர் அச்சாகி, கடைத்தெருச் சுவரில் பசை தடவி ஒட்டப்பட்டிருந்தது. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த எவனும் அதை வாய்விட்டுப் படித்தான். வாக்காளர் பட்டியல் அச்சாவதற்கு எத்தனையோ வருஷம் முன்னால்.

அதே காலத்தில் லண்டனில் இன்னொன்று நடந்துகொண்டிருந்தது. அங்கே நாடகம் வாக்குரிமைப் போராட்டத்தின் நேரடி ஆயுதம். எலிசபெத் ராபின்ஸ் என்ற நடிகை எழுதிய ‘பெண்களுக்கு வாக்கு!’ 1907இல் கோர்ட் தியேட்டரில் ஏறியது. இரண்டாம் அங்கம் முழுவதும் டிரஃபால்கர் சதுக்கத்தில் நடக்கும் ஒரு பொதுக்கூட்டம். பேச்சாளர்களாகப் பெண்கள், கீழே கூச்சல் போடும் கும்பல். வீதியில் நடந்ததை அப்படியே மேடைக்குத் தூக்கி வந்துவிட்டார்கள். அடுத்த வருஷமே நடிகைகள் தங்களுக்கென்று வாக்குரிமைச் சங்கம் ஒன்று தொடங்கினார்கள். 1909இல் சிசிலி ஹாமில்டனும் கிறிஸ்டபர் செயின்ட் ஜானும் சேர்ந்து ஒரு குறுநாடகம் எழுதினார்கள். பெண்களை ஆண்கள்தான் காப்பாற்றுகிறார்கள் என்று அரசாங்கம் சொல்கிறதே, சரி என்று நாட்டுப் பெண்கள் எல்லாரும் வேலையை விட்டுவிட்டு, தங்களுக்கு நெருங்கிய ஆண் உறவு யாரோ அவன் வீட்டு வாசலில் பெட்டியோடு போய் இறங்கிவிடுகிறார்கள். சாயங்காலத்துக்குள் ஆண்களே பாராளுமன்றத்துக்கு ஓடுகிறார்கள், வாக்குக் கொடுங்கள் என்று. அதே வருஷம் ஹாமில்டன் எழுதிய இன்னொரு நிகழ்ச்சியில் உலகத்து வீரப் பெண்கள் வரிசையாக மேடையேறினார்கள். அந்த வரிசையில் ஜான்சி ராணியும் இருந்தார். இயக்கியவர் ஈடித் கிரெய்க்.

நாடகத்தைக் காட்டிலும் முக்கியமாக அந்த நடிகைகள் செய்த காரியம் ஒன்றுண்டு. வாய் திறந்து பழக்கமில்லாத சாதாரணப் பெண்களுக்கு அவர்கள் மேடையில் பேசக் கற்றுக்கொடுத்தார்கள். கடைசி வரிசை வரை குரலை எப்படிக் கொண்டுபோவது, எதிரில் ஒருவன் கேலி செய்தால் எப்படி நின்று பதில் சொல்வது. இது தெரியாமல் இயக்கம் நடக்காது.

அந்த இயக்கத்திலிருந்து வந்தவர்தான் மார்கரெட் கசின்ஸ். அயர்லாந்தில் வாக்குரிமைக்காகச் சிறை சென்றவர். 1915இல் இந்தியா வந்து, 1917இல் அடையாறில் இந்திய மாதர் சங்கம் தொடங்க முன்நின்றவர்களில் ஒருவர். அந்த வருஷம் டிசம்பரில் சரோஜினி நாயுடு தலைமையில் பெண்கள் குழு ஒன்று இந்திய விவகாரங்களுக்கான பிரிட்டிஷ் அமைச்சர் மாண்டேகுவைச் சென்னையில் சந்தித்து வாக்குரிமை கேட்டது. 1921 தீர்மானத்துக்குப் பின்னால் இந்த உழைப்பு இருக்கிறது. 1926இல் பெண்கள் தேர்தலில் நிற்கவும் வழி பிறந்தது. கசின்ஸின் ஊக்கத்தில் மங்களூரில் நின்ற கமலாதேவி சட்டோபாத்யாய மிகச் சொற்ப வாக்குகளில் தோற்றார். கமலாதேவி நாடகக்காரர். பின்னாளில் இந்திய நாடக இயக்கத்துக்கே அவர் பெரிய தூணாக இருந்தார். நடிகையும் வேட்பாளரும் ஒரே ஆளாக நின்றது இந்த மாகாணத்தில் அப்போதே நடந்துவிட்டது. ஆனால் அவர் நல்ல குடும்பத்துப் பெண் என்று உலகம் ஒப்புக்கொண்டவர். கும்பகோணத்து நடிகைக்கு அந்தச் சலுகை கிடையாது.

இந்த இடத்தில்தான் நம் கதை லண்டன் கதையிலிருந்து பிரிகிறது, வருத்தத்தோடுதான் சொல்கிறேன். லண்டனில் வாக்குரிமை இயக்கமும் நடிகையும் கைகோத்து ஊர்வலம் போனார்கள். சென்னையில் இயக்கத்துக்கு ஒரு பக்கத் தெரு, நடிகைக்கு ஒரு பக்கத் தெரு. இங்கே மேடையேறிய பெண்களில் பெரும்பாலோர் தேவதாசிக் குடும்பங்களிலிருந்து வந்தவர்கள். மாதர் சங்கத்தின் பார்வையில் அவர்கள் தோழிகள் அல்ல, மீட்கப்பட வேண்டியவர்கள்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியைக் குறை சொல்வது என் நோக்கமல்ல. அவர் பிறந்தது புதுக்கோட்டையில்; தாய் சந்திரம்மாள் தேவதாசி மரபைச் சேர்ந்தவர். அந்த வாழ்க்கையின் ரணம் அவருக்குப் புத்தகத்தில் படித்துத் தெரிந்ததல்ல. 1926இல் சட்டசபைக்கு நியமிக்கப்பட்டு, அதன் துணைத் தலைவராக ஏகமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். பெண் கையில் அதிகாரம் வந்ததும் அவர் முதலில் கைவைத்தது பொட்டுக்கட்டும் வழக்கத்தில்தான். அறநிலையச் சட்டத்தில் 1929இல் அவர் கொண்டுவந்த திருத்தம், கோயில் ஊழியத்தின் பிடியிலிருந்து தேவதாசிகளின் மானிய நிலத்தை விடுவித்தது. பொட்டுக்கட்டையே ஒழிக்கும் சட்டம் 1947இல்தான் வந்தது. எத்தனை சிறுமிகள் அதனால் தப்பினார்கள்! அந்த நன்மையை எந்த வாதத்தாலும் சிறிதாக்க முடியாது.

ஆனால் அந்தச் சட்டத்தைப் பற்றிப் பேசும் உரிமை அந்தப் பெண்களுக்கும் இருந்தது. அவர்களில் பலர் சங்கம் கூட்டி அரசாங்கத்துக்கு மனுக் கொடுத்தார்கள். எங்களையும் விலைமாதரையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள் என்றார்கள். அவர்களில் முன்நின்றவர் பெங்களூர் நாகரத்தினம்மாள். திருவையாற்றுக்காரர்களுக்கு அவரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. காவிரிக் கரையில் கேட்பாரற்றுக் கிடந்த தியாகராஜர் சமாதியைத் தன் சொந்தப் பணத்தில் மீட்டு, 1921இல் அடிக்கல் நாட்டி, 1925இல் குடமுழுக்குச் செய்தவர். தன் நகைநட்டையும் சொத்தையும் அதில் கரைத்தவர். ஆனால் ஆராதனையில் பாடப் பெண்களுக்கு இடமில்லை. பெரிய கட்சி, சின்னக் கட்சி என்று ஆண்கள் இரண்டாகப் பிரிந்து சண்டையிட்டுக்கொண்டிருந்தார்கள். பெண்களை விலக்குவதில் மட்டும் இருவருக்கும் வேறுபாடில்லை. நாகரத்தினம்மாள் கெஞ்சவில்லை. 1927இல் பெண்களைத் திரட்டித் தனியாக ஆராதனை நடத்தினார். ஊர் அதைப் பெண்கள் கட்சி என்றது. பதின்மூன்று, பதினான்கு வருஷம் கழித்து மூன்று கட்சியும் ஒன்றானபோது பெண்களுக்கும் அந்த மேடையில் இடம் வந்தது.

1921 என்ற வருஷத்தை மறுபடி கவனியுங்கள். ஏப்ரலில் சென்னையில் சொத்துள்ள பெண்ணுக்கு வாக்கு. அக்டோபரில் திருவையாற்றில் ஒரு தேவதாசி நாட்டிய அடிக்கல். முதலாவது நமக்குப் பாடமாக வருகிறது. இரண்டாவது பக்திக் கதையாக மட்டும் வருகிறது. கட்சி கட்டுவது, ஆள் திரட்டுவது, மறுக்கப்பட்ட மேடைக்குப் போட்டியாக மேடை போடுவது, கடைசியில் சமமாக உட்காருவது: இது அரசியல் இல்லாமல் வேறென்ன? முத்துலட்சுமியும் நாகரத்தினம்மாளும் ஒரே மண்ணின் இரண்டு நியாயங்கள். ஒருவருக்கொருவர் எதிராக நின்றார்கள் என்பதுதான் நம் பெண்கள் இயக்க வரலாற்றில் எனக்குத் தீராத மனக்குறை.

நாகரத்தினம்மாளுக்குத் தஞ்சாவூரோடு இன்னொரு பந்தமும் உண்டு. தஞ்சை மராட்டிய அரசவையில் இருந்த முத்துப்பழனியின் தெலுங்குக் காவியமான ‘ராதிகா சாந்த்வனம்’ நூலை 1910இல் பதிப்பித்ததற்காக அரசாங்கத் தடையைச் சந்தித்தவர். அதற்கும் முன்னால், நாயக்கர் காலத்தில், விஜயராகவ நாயக்கரின் அவையிலிருந்த ரங்காஜம்மா ‘மன்னாருதாச விலாசம்’ என்று மேடைக்கே ஒரு நாடகம் எழுதினார். பெண் நாடகம் எழுதுவது தஞ்சாவூருக்கு மேனாட்டிலிருந்து வந்த புதுச் சரக்கு அல்ல.

இனி வயலோரத்துக்கு வருவோம். அறுப்பு முடிந்து, நெல் வீடு சேர்ந்து, கோயில் திருவிழாக்கள் தொடங்கும் பங்குனி, சித்திரை, வைகாசி மாதங்கள்தான் நாடகக்காரர்களின் மாதங்கள். ஸ்பெஷல் நாடகம் என்று சொல்வது கம்பெனி நாடகம் போல் கூடவே வாழ்ந்து ஒத்திகை பார்த்து ஆடுவதல்ல. ராஜபார்ட் ஒரு ஊர், ஸ்திரீபார்ட் ஒரு ஊர், பபூன் ஒரு ஊர், ஆர்மோனியம் ஒரு ஊர். அன்று சாயங்காலம்தான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். சங்கரதாஸ் சுவாமிகள் வகுத்துக் கொடுத்த நாடகம் எல்லாருக்கும் தெரியும் என்பதே அவர்களுடைய ஒத்திகை.

வள்ளி திருமணத்தில் ராத்திரி ஏறிய பிறகு ஒரு கட்டம் வரும். தினைப்புனத்தில் வள்ளி காவல் இருக்கிறாள். நாரதர் வருகிறார். தர்க்கம் தொடங்குகிறது. இங்கே பாட்டு மட்டும்தான் எழுதி வைத்தது. கேள்வியும் பதிலும் அந்த நேரத்தில் பிறக்க வேண்டும். நாரதர் எதைக் கேட்பார் என்று வள்ளிக்குத் தெரியாது. பெண் புத்தி பின்புத்தியா, ஆண் இல்லாமல் பெண்ணுக்குக் காவல் உண்டா, கல்யாணம் ஆகாத பெண்ணின் கதி என்ன என்று எங்கிருந்தும் கேள்வி வரலாம். எனக்குச் சிறு வயதில் பார்த்த ஒரு வள்ளி இன்னும் மறக்கவில்லை. ஒல்லியான அம்மாள், வயது நாற்பதுக்குக் குறையாது. நாரதர் அன்று கெட்டிக்காரர். புராணத்தை மேலே மேலே எடுத்துப் போட்டார். அந்த அம்மாள் அவசரப்படவில்லை. புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, கவணைத் தோளில் போட்டபடி, அவர் சொன்ன புராணத்தையே அடுத்த அடியாக எடுத்துத் திருப்பிக் கொடுத்தார். ஆர்மோனியக்காரர் கட்டை ஏற்றிக் கொடுத்துவிட்டு, ‘சொல்லுங்கம்மா’ என்றார். பெண்கள் பக்கத்திலிருந்து கைதட்டல். எங்கள் பாட்டி கை தட்டவில்லை. ‘எப்படிப் பேசறா பாரு’ என்று மட்டும் சொன்னாள். கேலியாகவா, பொறாமையாகவா என்று அன்று எனக்குப் புரியவில்லை. வீட்டில் தாத்தாவுக்கு எதிர்ப்பேச்சு ஒன்றுகூடப் பேசியறியாதவள் அவள்.

லண்டன் நடிகைகள் சொல்லிக்கொடுத்த வித்தை இதுதான். இங்கே அதற்கு வகுப்பு நடக்கவில்லை. விடிய விடிய நாடகமாக நடந்தது. ஆயிரம் பேர் பார்க்க ஒரு பெண் ஓர் ஆணோடு வாதிட்டு, சில ராத்திரிகளில் ஜெயித்து, யாரிடமும் மன்னிப்புக் கேட்காமல் அடுத்த பாட்டுக்குப் போனாள். ஊர்க்கூட்டத்தில் பெண் வாய் திறக்க முடியாத கிராமத்தின் நடுத் தெருவில் இது நடந்தது. மதுரை கே.பி. ஜானகியம்மாள் இந்தப் பள்ளியில் வந்தவர். நாடகத்தில் சம்பாதித்ததைக் கட்சிக்குக் கொடுத்து, பாட்டில் தொடங்கிப் பேச்சுக்குப் போகும் தன் பாணியில் விவசாயிகளைத் திரட்டி, சிறைக்குப் போய், 1967இல் மதுரை கிழக்குத் தொகுதியிலிருந்து சட்டமன்றம் சென்றார். கொடுமுடி கே.பி. சுந்தராம்பாள் 1937 தேர்தலில் காங்கிரஸ் மேடைகளில் பாடி வாக்குத் திரட்டினார். பிறகு மேலவை உறுப்பினரானார். மேடையிலிருந்து சட்டசபைக்குப் பாதை இருந்தது. அதைப் பெண்களே நடந்து போட்டார்கள்.

டெல்டாவுக்குள்ளேயே இந்தப் பாதையில் நின்றவர் டி.பி. ராஜலட்சுமி. திருவையாற்றில் 1911இல் பிறந்தவர். பால்ய விவாகம், புகுந்த வீடு சிறுமியைத் திருப்பி அனுப்பிவிட்டது. தகப்பனாரும் போன பிறகு தாயும் மகளுமாகத் திருச்சிக்குப் போனார்கள். பிராமணக் குடும்பத்துப் பெண் நாடகத்தில் சேருவது அன்று குடும்பத்தையே ஜாதிப் பிரஷ்டம் செய்யப் போதுமான காரியம். அந்தச் சிறுமி சேர்ந்தாள். சாமண்ணா அய்யர் கம்பெனியில் தொடங்கி, கன்னையா கம்பெனி வரை போய், பெரிய ஸ்திரீபார்ட் ஆனார். மேடையில் புராண வேஷத்தோடு தேசியப் பாட்டுப் பாடினார். அதற்காகப் பலமுறை கைதானார். 1876இல் வெள்ளைக்காரன் போட்ட நாடகச் சட்டம் அப்போது போலீஸ்காரர் கையில் இருந்தது. கொட்டகை வாசலில் அவர்கள் நின்றிருக்க, உள்ளே பாட்டு நடக்கும். 1931இல் ‘காளிதாஸ்’ படத்தின் கதாநாயகி. 1936இல் தன் நாவலையே ‘மிஸ் கமலா’ என்று படமாக எடுத்தபோது தயாரிப்பு, இயக்கம், நடிப்பு எல்லாம் அவரே. தமிழில் படம் இயக்கிய முதல் பெண். எட்டு வயதுப் பெண்ணின் சம்மதத்தை யாரும் கேட்காத நாட்டில், தன் வாழ்க்கையில் தனக்கே வாக்கு என்று அவர் வாழ்ந்து காட்டினார். திருவையாற்றில் ஆராதனைக்கு வருகிற ஆயிரக்கணக்கான பேரில் அவர் பிறந்த ஊர் இது என்று எத்தனை பேருக்குத் தெரியும்?

மூவலூர் ராமாமிர்தத்தையும் இங்கே சேர்க்கிறேன். அவர் நாடக நடிகை அல்ல. திருவாரூரில் 1883இல் பிறந்து, மாயவரத்துக்குப் பக்கத்து மூவலூரில் தேவதாசி வீட்டில் வளர்ந்தவர். பெற்றவர்களே பத்து ரூபாய்க்கும் ஒரு பழைய புடவைக்கும் விட்டுப் போனார்கள் என்று அவர் வரலாறு சொல்கிறது. கிழவன் ஒருவனுக்குத் தன்னைத் தருவதை மறுத்து, ஆட்டமும் பாட்டும் சொல்லிக்கொடுத்த சுயம்பு பிள்ளையையே கட்டிக்கொண்டார். முத்துலட்சுமிக்கும் நாகரத்தினம்மாளுக்கும் நடுவிலுள்ள இடைவெளியைத் தாண்டியவர் இவர்தான். உள்ளேயிருந்து பேசினார். காங்கிரஸில் தொடங்கிச் சுயமரியாதை இயக்கத்துக்குப் போய், தெருத் தெருவாக, கல்லடி பட்டுக்கொண்டு பேசினார். 1936இல் ‘தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்’ வந்தது. காக்கிநாடா காங்கிரஸ் மாநாட்டில் கொடிக்குத் தடை வந்தபோது கொடிகளையே புடவையாகத் தைத்துக் கட்டிக்கொண்டு போனார் என்று அவரைப் பற்றி ஒரு செய்தி உண்டு. எதை எந்த இடத்தில் உடுத்தினால் ஊர் திரும்பிப் பார்க்கும் என்று அறிந்த பெண் அவர். 1938இல் திருச்சியிலிருந்து சென்னைக்கு நடந்த இந்தி எதிர்ப்புப் படையில் ஒரே பெண்ணாக 42 நாள் நடந்தபோது அவருக்கு 55 வயது. வழிநெடுகக் கூட்டம், வழிநெடுகப் பேச்சு.

அதற்குப் பின் வந்த திராவிட நாடகங்கள் பெரிய சக்திதான். கே.ஆர். ராமசாமியின் நாடக சபை தஞ்சாவூரில் இருந்தது; அண்ணா அதற்காக ‘ஓர் இரவு’, ‘வேலைக்காரி’ எழுதினார். திருவாரூரிலிருந்து கருணாநிதி வந்தார். எம்.ஆர். ராதா ஊர் ஊராக ஆடினார். விதவை மறுமணம், கலப்பு மணம், ஜமீன்தார் வீட்டு அநியாயம் எல்லாம் மேடையேறின. அந்த வசனங்களைக் கேட்டு வளர்ந்த பெண்கள் 1952இல் முதல் தடவையாக வரிசையில் நின்றார்கள். ஆனாலும் ஒன்று சொல்லத்தான் வேண்டும். அவற்றில் பெண்ணின் நியாயத்தைப் பெண்ணே எழுதவில்லை. ஆண் எழுதினான், பெண் பேசினாள். மெலட்டூரின் லீலாவதி வேறு உருவில் திரும்பி வந்துவிட்டாள் என்றே எனக்குத் தோன்றுகிறது. வள்ளி தர்க்கத்தில் அந்த ஒல்லியான அம்மாள் சொன்ன பதிலை யாரும் எழுதிக் கொடுத்திருக்கவில்லை.

1996இல் உள்ளாட்சித் தேர்தல் நடந்தபோது மூன்றில் ஒரு பங்கு இடம் பெண்களுக்கு என்றானது. அதற்குக் கொஞ்சம் முன்னால், எங்கள் மாவட்டத்தை ஒட்டிய புதுக்கோட்டையில், அறிவொளி இயக்கத்தின் கலைப்பயணக் குழுக்கள் கிராமம் கிராமமாக வீதி நாடகம் போட்டன. கல்குவாரியிலும் வயலிலும் வேலை செய்த பெண்கள் எழுத்தும் சைக்கிளும் கற்றார்கள். நாடகம் வந்து போன தெருக்களில் பெண்கள் கூட்டத்துக்கு வரத் துணிந்தார்கள். இன்று தமிழ்நாட்டு உள்ளாட்சியில் பெண்களுக்குப் பாதி இடம். ஆனால் பெண் தலைவரின் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்று அவளுக்காகப் பேசும் புருஷனை டெல்டாவில் எந்த ஊராட்சியிலும் பார்க்கலாம். அவளுக்குத் தர்க்கம் சொல்லிக்கொடுக்க இப்போது யார் இருக்கிறார்கள்?

பெண்கள் வாக்குரிமை வரலாற்றை நாம் அடையாறிலிருந்து மட்டும் எழுதிவிட்டோம். அதைக் கும்பகோணத்துக் கொட்டகையிலிருந்தும் திருவையாற்றுப் படித்துறையிலிருந்தும் மறுபடி எழுத வேண்டும். அதற்கான சான்றுகள் அரசாங்கப் பதிவேடுகளில் கிடைக்காது, வீடுகளில்தான் கிடைக்கும். கும்பகோணம், மாயவரம், தஞ்சாவூர், மன்னார்குடி, திருவாரூர்ப் பக்கம் பழைய வீட்டை இடிக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பரணில், கல்யாணப் பத்திரிகைகளுக்கும் பஞ்சாங்கங்களுக்கும் நடுவில், நாடக நோட்டீஸ் இருந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. இப்படிப்பட்ட துண்டுக் காகிதங்களையும் மதித்துக் காப்பவர்கள். அங்கே கொடுங்கள். கொடுப்பதற்கு முன், அதில் அச்சாகியிருக்கும் பெண்ணின் பேரையும் ஊரையும் உங்கள் வீட்டுப் பெண்களுக்கு ஒரு தடவை படித்துக் காட்டுங்கள்.